பங்சர் படமும் துண்டை உதறிய சம்பந்தமும்

செஞ்சியில் அந்தப் படத்தின் நிஜப் பெயரை யாரும் சொன்னதில்லை. நோட்டீசில் நீளமாக ஏதோ சமஸ்கிருதம் அச்சடித்திருந்தார்கள். பெயரைப் பார்த்து மாடு வாங்குகிற ஊர் இல்லை எங்களுடையது. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைத் தடவிப் பார்த்து, அப்புறம் நாங்களாக ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். இதற்குப் பங்சர் படம் என்று வைத்தோம்.

ஜெர்மன் சண்டை முடியப் போகிற வருஷம். திருவண்ணாமலை ரோட்டோரம் டூரிங் கொட்டாய் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரே ஒரு மெஷின். ஒரு ரீல் ஓடி முடிந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண் சுவர். இருட்டில் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். வெளிச்சம் வந்ததும் வாலிபர்கள் எல்லாரும் சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பார்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம்.

மெஷினை ஓட்டியவன் காஸ்பர், என் சிநேகிதன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பூசையில் பாடுவான். மாலையானால் கொட்டாயில் மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி எரிப்பான். நான் உள்ளே நுழைகிறபோதெல்லாம் மெஷின் ரூம் ஓட்டை வழியாக முகத்தை நீட்டுவான்.

“இன்னாடா அரி, இன்னிக்குமா? இதுல நடிச்சவனே இத்தினி வாட்டி பாத்திருக்க மாட்டான்.”

“அவனுக்குக் கூலி குடுத்திருப்பாங்க. எனக்கு யாரு குடுக்கிறா?”

கதை இதுதான். பட்டணத்தில் ஒரு ரிட்டயரான ஜட்ஜு. குரலும் கனம், காலடியும் கனம். அவர் மகளுக்குப் பதினெட்டு வயசு, சைக்கிள் பழகுகிறாள். அவளைப் பார்ப்பதற்காகவே ஒரு காலேஜ் பையன் சைக்கிள் ரிப்பேர்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். பங்சர் ஒட்டுவான். ஒட்டிவிட்டு, நாளைக்கும் வரவேண்டுமே என்று போகிற போக்கில் ஒரு முள்ளை ஏற்றிவிட்டுப் போவான். அவன் தலை மறைந்ததும் அவளும் அதே நினைப்பில் கொண்டை ஊசியை உருவி இன்னொரு ஓட்டை போடுவாள். ஜட்ஜுக்கு ஒன்றும் விளங்காது. ‘இது டயரா, சல்லடையா’ என்று கேட்பார். கொட்டாய் அதிரும்.

கடைசியில் வேஷம் கலைந்துபோகிறது. பையன் நேராகவே பெண் கேட்கிறான். ஜட்ஜு முடியாது என்கிறார். பையன் கும்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறான். ரயில் ஊதுகிறது. அந்த நேரம் பார்த்து ஜட்ஜு, கோட்டும் தலைப்பாகையுமாக, காற்றே இல்லாத அந்தச் சைக்கிளை மிதித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறார். ‘ஏ தம்பி, ஒட்டிட்டுப் போப்பா’ என்று கத்துகிறார். அதோடு சுபம்.

இதில் என்ன சுகம் என்று பலபேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாட்டு என்றார்கள். அது மூக்கால் பாடின பாட்டு. பெண் அழகு என்றார்கள். பவுடரைக் கழுவாமல் நான் விலை சொல்ல மாட்டேன். எனக்குத் தோன்றியது வேறு. அந்தப் படத்தில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள், ஒருவரும் மோசம் போவதில்லை. நான் வளர்ந்த இடத்தில் ஒருவன் சொன்ன பொய்க்கு இன்னொருவன் வீட்டில் அடுப்பு எரியாமல் போகும். அங்கே அப்படி இல்லை. யாருக்கும் அடிபடாத ஒரு சந்தையை இரண்டரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது, வெயிலில் வந்தவனுக்குப் பானைத் தண்ணீர் மாதிரி.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. என் நைனா கோதண்டராமன் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். விரலுக்கு விரல் படியாவிட்டால் துண்டை ஓர் உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. இருபது அடி போவதற்குள் ‘யோவ், இங்க வாய்யா’ என்று பின்னால் குரல் வரும். வந்தே தீரும். செஞ்சிக் கோட்டை எத்தனையோ ராஜாக்கள் கை மாறியிருக்கிறது. அவர்களிலும் யாராவது துண்டை உதறித்தான் வாங்கியிருப்பார்கள் என்று நைனா சொல்வார். ஜட்ஜு சைக்கிளில் வருகிறபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்ததற்கு அதுதான் காரணம். எங்கள் தொழிலின் முழு வேதத்தையும் பட்டணத்துக்காரன் ஒரே ரீலில் காட்டிவிட்டான். முடியாது என்பது பதில் இல்லை. அது ஆரம்ப விலை.

மீனம்பாளை நான் பார்த்தது மூன்றாவது தடவை படம் பார்க்கிறபோது. மேல்மலையனூர் ரோட்டில், பஸ் நிற்கிற ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா முருகையன் எங்களுக்குத் தூரத்து உறவு. இரண்டு கிணறு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வெள்ளாமை, ஆண்பிள்ளை இல்லை. அவள் அம்மா லட்சுமியம்மாளோடு வண்டி கட்டிக்கொண்டு படத்துக்கு வந்திருந்தாள். சோடாக் கடையில் உறவு சொல்லிப் பேச்சுக் கொடுத்தோம். அம்மா பக்கத்தில் நிற்கிறபோதே அவள் கேட்டாள்:

“அவன் முள்ளு ஏத்துறான், இவ ஊசியால குத்துறா. பாவம், அந்த டியூபு யாருக்கு இன்னா கெடுதல் பண்ணுச்சி?”

எனக்கு அந்த இடத்திலேயே விலை படிந்துவிட்டது.

அப்புறம் அவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். ஒவ்வொரு வெளிச்சத்திலும் சுவருக்கு மேலே அவள் கண் என்னைத் தேடியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, காஸ்பரே மேலே இருந்து பார்த்திருக்கிறான். எனக்காக ரீல் மாட்டுவதில் கொஞ்சம் தாமதமும் பண்ணினான். ஜனங்கள் விசில் அடிப்பார்கள். ‘பிலிமு அறுந்துட்டுது’ என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவான். ஞாயிற்றுக்கிழமை அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

கடைசித் தடவை வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவள் என்னிடம் சொன்னாள்: “பொண்ணு கேக்க வர்றதுன்னா சீக்கிரம் வா. எங்க நைனா ஒரு சொல்லுக்காரரு. மொதல்ல சொல்றதுதான் கடைசிலயும்.”

நான் தலையை ஆட்டினேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ‘ஒரே விலை’ என்று பலகை மாட்டியிருக்கிற கடையில்தான் நிறைய குறைக்கலாம் என்பது எனக்குப் பத்து வயசிலேயே தெரியும்.

சித்திரை அமாவாசை கழிந்த ஐந்தாம் நாள் காலையில் நானும் நைனாவும் கரி பஸ்ஸில் கிளம்பினோம். சண்டைக் காலத்தில் பெட்ரோல் ஏது. பஸ்ஸின் முதுகில் ஓர் உலை, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. போகிற வழியில் நைனாவைத் தயார் பண்ணினேன்.

“நைனா, அவரு இன்னா கேட்டாலும் ஒடனே சரின்னுடாத.”

“எனக்கே வியாபாரம் சொல்லித் தர்றியா?”

“நான் மூக்கைத் தொட்டா துண்டை ஒதறிட்டு எழுந்துரு.”

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “டேய், இது பொண்ணு விசயம்டா. கெடாரி இல்ல.”

“படத்தில ஜட்ஜு இன்னா பண்ணாரு?”

நைனா யோசித்தார். அவரும் நாலு தடவை பார்த்தவர். “அதுவும் சரிதான்” என்றார்.

முருகையன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சீயமங்கலத்திலிருந்து முருகையனுடைய அக்கா மகன் வந்திருந்தான். பேச்சில்லாத ஆள், நாங்கள் கை கால் கழுவச் சொம்பில் தண்ணீர் ஊற்றினவன் அவன்தான். பாய்க்கு நடுவே வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூவோடு தாம்பாளம் தயாராக இருந்தது. எங்கள் வீடுகளில் பேச்சு முடிந்த பிறகுதான் தட்டு வெளியே வரும். இங்கே பேசுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நைனாவின் முழங்காலை இடித்தேன். சரக்கை முன்கூட்டியே அவிழ்த்து வைக்கிறவனுக்கு அவசரம் அதிகம். விலை நம் கையில்.

முருகையன் சுற்றி வளைக்கவில்லை.

“எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல மச்சான். மாப்ள எங்களோடதான் இருக்கணும். நெலம், கெணறு எல்லாம் அவங்களுக்குத்தான். இதான் என் பேச்சு. வேற ஒண்ணும் கேக்கல.”

சத்தியமாகச் சொல்கிறேன், மீனம்பாளுக்காக அந்தக் கிணற்றுக்குள்ளேயே குடியிருக்கச் சொன்னாலும் இருந்திருப்பேன். அவர் கேட்டது எனக்கு நஷ்டமே இல்லை. ஆனால் முதல் விலைக்குத் தலையாட்டினால் என்னை யாரும் மதிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அவளே மதிக்க மாட்டாள் என்று தோன்றியது.

“மாமா, வாரத்தில சந்தை நாளு மட்டும் நான் செஞ்சியில இருந்துக்கிறேனே” என்றேன்.

முருகையன் சிரித்தார். “இருக்கிறதுன்னா முழுசா இருக்கணும் தம்பி.”

சிரிக்கிற விற்பனைக்காரன் இறங்குவான். நான் மூக்கைத் தொட்டேன்.

நைனா ஒரு கணம் தாமதித்தார். அந்த ஒரு கணத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பிறகு துண்டை எடுத்தார், உதறினார். சந்தையில் மண்ணுக்கும் சாணிக்கும் நடுவில் சாதாரணமாகக் கேட்கிற அந்தச் சத்தம் கூடத்தில் அறை விழுந்த மாதிரிக் கேட்டது. “அப்ப நாங்க பொறப்படறோம்” என்றார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. லட்சுமியம்மாள் இரண்டு சொம்பு மோரோடு வந்து நின்றாள். “மோராச்சும் குடிச்சிட்டுப் போங்க அண்ணே.” எழுந்த பிறகு குடித்தால் பேரம் கெட்டுவிடும் என்பது எங்கள் கட்டுப்பாடு. குடிக்கவில்லை. வெளியே வந்து நடந்தோம். பத்து அடி. இருபது அடி. நாற்பது.

“கூப்பிடலியேடா” என்றார் நைனா.

“இது சந்தை இல்ல, வூடு. வூட்டுக்காரன் கொஞ்சம் லேட்டாத்தான் கூப்பிடுவான். பஸ்ல போய் உக்காருவோம், வா.”

பஸ் புளியமரத்தடியில் நின்றிருந்தது. மலையனூர் போய்த் திரும்புகிற வழியில் டிரைவர் அங்கேதான் சாப்பாட்டுக்கு நிறுத்துவார். உலை தணிந்துபோயிருந்தது. இருமல் பிடித்த ஒரு வயசான கிளீனர் பின்னால் நின்று, உலைக்குக் காற்று ஊதுகிற காற்றாடியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். கர்ர், கர்ர் என்று ஊர் முழுக்கக் கேட்கிற சத்தம். நான் முன் சீட்டில், ஊருக்கு முதுகு காட்டி, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஜட்ஜுக்குக் கிடைத்தது ஒரு ரயில் ஊதுகிற நேரம். முருகையனுக்கு அதைப்போல் நூறு பங்கு நேரம் கிடைத்தது. கரி ஈரம். புகை வந்தது, வாயு வரவில்லை. கிளீனர் சுற்றினார், இருமினார், மறுபடி சுற்றினார். டிரைவர் என் பக்கம் வந்து, “கோச்சுக்காதீங்க, இன்னும் கொஞ்சம் ஆவும்” என்றார்.

“நிதானமா பண்ணுங்க. அவசரமே இல்ல.”

கிளீனர் கைப்பிடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த வண்டியில இப்பிடிச் சொன்ன மொத ஆளு நீதான் சாமி.”

“திரும்பிப் பாக்கட்டுமா?” என்றார் நைனா மெதுவாக.

“பாக்காத நைனா.”

“யாரும் வரலடா.”

“வருவாரு. ரயிலு ஊதட்டும்.”

“இது பஸ்ஸுடா.”

முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு எஞ்சின் தும்மியது, பிடித்துக்கொண்டது, பஸ் கிளம்பியது. ஊர் எல்லைக் கல் வரைக்கும் என் காது பின்னாலேயே இருந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். இந்தச் சந்தையில் கூப்பிடாதவன் அடுத்த சந்தையில் கூப்பிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளும் முதல் ஆட்டத்துக்குப் போனேன். இரண்டு நாளும் ஜட்ஜு வந்தார்.

காஸ்பர்தான் சொன்னான்: “டேய், அந்தாளு டைரக்டரு சொல்லி வந்தவன். முருகையனுக்கு எந்த டைரக்டரு சொல்லுவான்? நீயே போடா.”

மூன்றாம் நாள் போனேன். நைனா வரவில்லை. “அவரு சொன்ன வெலைக்கே முடிச்சிட்டு வா. ஒண்ணும் பேசாத” என்று சொல்லி அனுப்பினார். பஸ்ஸிலேயே பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டேன். மாமா, நான் முழுசா இருக்கேன். சந்தை நாளும் வேண்டாம். அவ்வளவுதான். என் ஆயுளில் நான் கழிவு கேட்காமல் போன ஒரே வியாபாரம்.

முருகையன் கிணற்றடி நிலத்தில் இருந்தார். மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

“வாப்பா. வெயில்ல வந்திருக்கியே. தண்ணி குடி.”

குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன். தயார் பண்ணினதில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் ஒரு கைப்பிடி பச்சைக்காயை எடுத்து என் கையில் போட்டார். “நீங்க போன அன்னிக்கே தட்டு மாத்தியாச்சி தம்பி. சீயமங்கலத்து அக்கா மகனுக்கு.”

“அன்னிக்கேவா?”

“சபைக்கு வந்த தட்டு மாத்தாம உள்ள போவக் கூடாது. எங்க வழக்கம் அது. திரும்பிப் போச்சின்னா அந்தப் பொண்ணுக்கு அப்புறம் யாரும் தட்டு வைக்க மாட்டாங்க. வந்த ஒறவுக்காரங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? அவன் சபையில இருந்தான். ‘நீ இருக்கியாடா’ன்னு கேட்டேன். இருக்கேன்னான்.” கொஞ்ச நேரம் செடியை உதறிக்கொண்டிருந்தார். “நீங்க எழுந்ததும் எனக்கு ஒண்ணும் புரியல. பொண்ணு வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். வேணாம்னு எழுந்தவங்கள எப்பிடிக் கூப்பிடறது? எம்பொண்ண நானே கெஞ்சிக் குடுக்கிற மாதிரி ஆவாதா?”

காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பால் பிடித்த பருப்பு, நல்ல ருசி. முருகையனை யாரோ கிணற்றுப் பக்கம் கூப்பிட்டார்கள், போனார்.

ஆய்கிற பெண்களில் மீனம்பாளும் இருந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு அம்பாரத்தில் கொட்ட வந்தாள். அம்பாரம் என் பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்க்காமல், கொட்டின காயைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினாள்.

“எழுந்து போவப் போறேன்னு எனக்குச் சொல்லல நீ.”

“சொன்னா பேரம் வெளிய தெரிஞ்சிடும்னு...”

“நான் யாரு பக்கம்னு நெனச்ச?”

படத்தில் நடப்பது மாதிரி உங்க நைனா வருவார் என்று நினைத்தேன் என்று முனகினேன். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது.

“தட்டு மாத்தறதுக்கு முன்னாடி நைனா என்னையும் கேட்டாரு. பதில் சொல்லாம நின்னேன். காத்தாடி சுத்துற சத்தம் வூட்டுக்குக் கேட்டுக்கினே இருந்துது. இன்னும் வண்டி போவல, எறங்கி வந்துடுவன்னு நெனச்சேன். அவ்ளோ நேரம் நின்னேன். அம்மா அழுதாங்க. சத்தம் நின்னு வண்டி கிளம்பற ஓசை வந்த பொறவுதான் சரின்னேன்.”

காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள். வைகாசி இருபத்தெட்டில் முகூர்த்தம் என்று பின்னால் தெரிந்தது.

அன்று மாலை கொட்டாய்க்குப் போனேன். வேறு எங்கே போவது? காஸ்பர் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. “இன்னியோட கடைசி. படப் பொட்டி நாளைக்கித் திண்டிவனம் போவுது” என்று மட்டும் சொன்னான்.

பையன் முள் ஏற்றினான், அவள் ஊசியால் குத்தினாள், ஜட்ஜு சல்லடை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வராது என்றுதான் நினைத்துப் போனேன். வந்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்கு ஏப்பம் வருகிற மாதிரி. வெளிச்சம் வந்தபோதெல்லாம் மண் சுவரைப் பார்க்காமல் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி ரீல். ரயில் ஊதியது. ஜட்ஜு வரப் போகிறார் என்று கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எல்லாரும் அவர் வருகிற பக்கம் பார்த்தார்கள். நானும் இத்தனை நாள் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பையனைப் பார்த்தேன். அவன் ரயிலுக்குள் உட்காரவே இல்லை. வாசற்படியில் நிற்கிறான். ஒரு கால் படியில், இன்னொரு கால் பிளாட்பாரத்துக்கு மேலே தொங்குகிறது. கழுத்து ஊர்ப் பக்கமே திரும்பியிருக்கிறது. கிழவர் வராமல் போயிருந்தாலும் அவன் குதித்திருப்பான். அதைக் காட்டித்தான் படம் எடுத்திருக்கிறார்கள். எனக்கு ஜட்ஜு மட்டும்தான் தெரிந்திருக்கிறார்.

ஜட்ஜு வந்தார். கொட்டாய் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல படம்.